‘நீர்’ உட்காரும், ‘நீ’ நில்லு

கடலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவர்கள் சபையில் புதுக் கட்டடம் எழும்பியபின், கட்டட நிதிக்கு அதிகம் கொடுத்த குடும்பங்களுக்கு முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். சுனாமி குடியிருப்பிலிருந்து வரும் பெண்களுக்குப் பின்னால் பாய். கேட்டால், “கொடுத்தவரை மதிப்பது மரியாதை, இதைப் போய் பட்சபாதம் என்று சொல்லலாமா?” என்கிறார்களாம். வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது அவர் கேள்வி. அவருடைய அப்பாவே கமிட்டியில் இருப்பதால், அவரிடம் எப்படிப் பேசுவது என்பது இரண்டாவது கேள்வி.

இது பட்சபாதம்தான். சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் சபையார் சொல்லும் அந்த ‘மரியாதை’ என்ற பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

நான் புதுச்சேரிக்காரன், கத்தோலிக்கன். பங்கில் பல வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன். மனைவி கடலூரில் ஒரு லுத்தரன் குடும்பத்துப் பெண். அதனால் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள்: அவளுடைய பழைய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த என்னுடைய பொது மொழிபெயர்ப்பு. வாக்குவாதம் வந்தால் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைப்போம். உங்கள் கேள்விக்கும் அப்படித்தான் எடுத்து வைத்தேன்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம், அதாவது கடிதம், இரண்டாம் அதிகாரம். உங்கள் சபைக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்ட ஒருவர் ஆலயத்துக்குள் வருகிறார். கந்தைத் துணியோடு ஓர் ஏழையும் வருகிறார். (அந்த மோதிரம் சும்மா நகை இல்லை. ரோமாபுரியில் குதிரைவீரர் வகுப்பு என்ற மேல்தட்டுக்குத் தங்க மோதிரம்தான் அடையாளம். இன்றைக்குக் காரில் கொடி கட்டிக்கொண்டு வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பணக்காரரிடம் சொல்லப்படுவது: “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.” ஏழையிடம்: “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு.”

இந்த இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவருக்கு ஐயா, நீர், உட்காரும். இவருக்கு நீ, நில்லு, உட்காரு. கிரேக்க மூலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே ‘சூ’தான், ‘ஐயா’ என்ற சொல்லும் அங்கே இல்லை. தமிழில் பெயர்த்தவர்களுக்கு நம் வாய் தெரிந்திருக்கிறது. அந்த வாசலில் ஒரு தமிழன் நின்றால் நாக்கு எப்படிப் புரளும் என்று கேட்டு, அப்படியே எழுதிவிட்டார்கள். மூலத்தைவிடத் தமிழ் ஒரு படி கூர்மையாகிவிட்ட இடம் இது என்பது என் எண்ணம்.

நிருபத்தில் ‘பட்சபாதம்’ என்று வரும் இடத்தில் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘முகத்தை ஏற்றுக்கொள்வது’. எபிரேய வழக்கிலிருந்து வந்த சொல். நமக்கு இது புதிதில்லை. முகதாட்சிணியம் என்று நம்மிடமே இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19:15-இல் அதே சொல்தான்: “சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும்” நியாயந்தீர்க்க வேண்டும். பொது மொழிபெயர்ப்போ யாக்கோபின் முதல் வசனத்தில் ‘ஆள்பார்த்துச் செயல்படாதீர்கள்’ என்று போட்டிருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம் என்பதால், என் மாணவர்களுக்கு இந்தச் சொல்தான் சட்டென்று பிடித்தது.

இப்போது ஒரு சொந்தக் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இருபது வருடம் இருக்கும். ஒரு கோயில் திருவிழாவின் கடைசி நாள். மாலைப் பூசை, அப்புறம் தேர். உள்ளே இடம் போதாது என்று வெளியே பந்தல் போட்டு, வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தோம். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு இடம் காட்டும் வேலை எனக்கு. முதல் இரண்டு வரிசை முக்கியமானவர்களுக்கு என்று வாய்மொழி உத்தரவு. இரண்டாவது வரிசை ஓரத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், அறுபதைத் தாண்டியவர். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்க வேண்டும். அலுமினியக் கூடையைக் கவிழ்த்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். சேலைக் கரை இன்னும் காயவில்லை. அந்த நேரம் பார்த்து, நகைக்கடை வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு வாசலில் நுழைவது என் கண்ணில் பட்டது. நவநாளில் ஒரு நாள் அவர் உபயம்.

“ஏம்மா, இது உனக்கு இல்ல. எழுந்து அந்தப் பக்கம் போ” என்றேன்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா “சரிங்க சார்” என்று சொல்லி, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. என்னைப் பெற்றிருக்கக்கூடிய வயது அவருக்கு. அவர் எனக்கு ‘ங்க’ போட்டார்; நான் ‘உனக்கு’ என்றேன். அன்றைக்கு அது என் காதில் விழவே இல்லை. இதில் வேடிக்கை, அந்த நகைக்கடைக்காரர், “வேணாம் சார், பின்னாடியே உட்கார்ந்துக்கிறோம்” என்று சொன்ன மனிதர். நான்தான் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தேன்.

யாக்கோபின் இந்தப் பகுதி எங்கள் பூசையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 23-ஆம் ஞாயிறு, இரண்டாம் வாசகமாக வரும். அது வந்த ஒரு செப்டம்பரில், பிள்ளைகளுக்கு விளக்குவதற்காக மனைவியின் பைபிளையும் திறந்தேன். ‘நீ அங்கே நில்லு’ என்ற இடத்தில் அந்தக் கூடை ஞாபகம் வந்தது.

“எங்களுக்கு ஏழைகள்மேல் வெறுப்பே கிடையாதே” என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொன்னால், நான் நம்புவேன். எனக்கும் வெறுப்பு இருக்கவில்லை. யாக்கோபு வெறுப்பைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசலில் நிற்கும் ஆளின் கண் எங்கே போயிற்று, வாயில் என்ன வந்தது, கை எந்த இடத்தைக் காட்டிற்று, இவ்வளவுதான் அவர் பார்ப்பது. அதை வைத்தே “தகாத சிந்தனைகளோடே நிதானிக்கிறவர்கள்”, அதாவது தீர்ப்புச் சொல்கிறவர்கள், என்கிறார். சில வசனம் தள்ளி, பட்சபாதத்தை விபசாரம், கொலை பற்றிய கட்டளைகளோடு ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறார்: ஒன்றில் தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி. நாற்காலி விஷயத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். அவர் அதை நாற்காலி விஷயமாகப் பார்க்கவில்லை. “உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக” என்ற ராஜரீக பிரமாணம் அந்த வாசலில் உடைந்தது என்று பார்க்கிறார். அந்தப் பிரமாணமும் லேவியராகமம் 19-தான். முகதாட்சிணிய வசனத்துக்கு மூன்று வசனம் கீழே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறார், கொஞ்சம் கிண்டலாகவே: உங்களை ஒடுக்குகிறவர்கள் ஐசுவரியவான்கள்தானே? உங்களை நியாயாசனத்துக்கு இழுப்பவர்களும் அவர்கள்தானே? கந்துவட்டிக்காரர் தெருவுக்குள் வந்தால், வட்டி கட்டுகிறவரே முதலில் எழுந்து நாற்காலி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

சரி, மரியாதைக்கு வருவோம். கிறிஸ்தவத்தில் மரியாதைக்கு இடமே இல்லையா? உண்டு. “எவனைக் கனம்பண்ணவேண்டியதோ அவனைக் கனம்பண்ணுங்கள்” என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு என்று லேவியராகமத்தின் அதே 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் திருச்சபையில் இதற்கு எழுதிவைத்த விதியே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 32-ஆம் எண்: வழிபாட்டில் பணிப்பொறுப்பையும் குருத்துவம் போன்ற திருநிலையையும் ஒட்டிய வேறுபாடு உண்டு, வழிபாட்டுச் சட்டப்படி அரசு அதிகாரிகளுக்கு உரிய மரியாதை உண்டு, மற்றபடி தனியாட்களுக்கோ எந்த வகுப்பாருக்கோ சடங்கிலும் சரி, வெளித்தோற்றத்திலும் சரி, தனிச் சிறப்பு எதுவும் கூடாது. அதாவது, கலெக்டர் வந்தால் அவர் வகிக்கும் பொறுப்புக்காக ஒரு நாற்காலி போடலாம். காது கேளாத தாத்தாவுக்கு முன்னால் இடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ரசீது புத்தகத்தைப் பார்த்து நாற்காலி போட முடியாது. ‘ஏன் இவருக்கு இந்த இடம்?’ என்று கேட்டால், பதிலில் பணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் யாக்கோபு சொன்னது அதுதான்.

நான் எங்கள் ஏட்டைச் சொன்னதால் எங்கள் பக்கம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் வீதியில் நாங்கள் சம்பா கோயில் என்று சொல்லும் ஜென்மராக்கினி மாதா கோயில் இருக்கிறதே, அதன் பழைய கட்டடத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. தலித் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அந்தச் சுவரைக் கண்டதிலிருந்து பேச்சு கிளம்புகிறது. ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் பெரிய குருவிடம் போய் நியாயம் கேட்கிறார்கள். சுவர் இடிக்கப்படுகிறது. உடனே மறுபக்கத்தார் கொதிக்கிறார்கள். பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பவர் போல எழுதிக்கொண்டு போவார், அதனாலேயே நம்பிப் படிக்கலாம். அதே 1745-இல்தான் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த கனகராய முதலியார் ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா கோயிலைக் கட்டிக்கொடுத்தார். பெரிய மனசும் பெரிய சுவரும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில். அந்தப் பழைய சம்பா கோயில் கட்டடம் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது போய்விட்டது. இப்போது நிற்பது 1791-இல் முடிந்தது.

இதை ஏன் சொல்கிறேனென்றால், நம் ஊரில் ஏழை என்ற சொல் தனியாக வருவதில்லை. உங்கள் சபையில் பாயில் உட்காருபவர்கள் யார், நாற்காலியில் உட்காருபவர்கள் யார் என்று தெருவாரியாக ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். அது வெறும் நன்கொடைக் கணக்குதானா என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

ஆதிச்சபைகளிலும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாப் பக்கம் எழுதப்பட்ட ‘தீதாஸ்காலியா’ என்ற சபை ஒழுங்குநூல் ஒன்று உண்டு. ஆயர் பேசிக்கொண்டிருக்கும்போது உலகத்தில் பெரிய மனிதர் என்று பெயரெடுத்த ஒருவர் உள்ளே வந்தால், ஆயர் பேச்சை நிறுத்தி அவருக்கு இடம் தேடக் கூடாது, உட்கார்ந்திருப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஏழை ஒருவர், அதுவும் வயதானவர், வந்து இடம் இல்லையென்றால்? ஆயர் முழுமனதோடு அவருக்கு இடம் உண்டாக்க வேண்டும், தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி. ஆயர் தரையில்! நான் இதை முதலில் படித்தபோது, வெள்ளை அங்கியோடு சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காரும் நம் சாமியார்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

கொரிந்து சபையின் கதை உங்கள் ஊருக்கு இன்னும் கிட்டே வரும். சபையாகச் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு வசதியானவர்கள் நேரத்தோடு வந்து, கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, குடித்தும் முடித்துவிடுவார்கள். ஒன்றுமில்லாதவர்கள் வரும்போது பாத்திரம் காலி. “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று பவுல் திட்டுகிறார். கடைசியில் அவர் சொல்லும் வழி ரொம்பச் சின்னது: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மீனை விற்று, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும் பெண் எட்டு மணி ஆராதனைக்கு எட்டேகாலுக்குத்தான் வர முடியும். முன்னால் வருபவருக்கு முன்னால் இடம் என்ற விதி காகிதத்தில் எல்லோருக்கும் சமம்தான். யாருடைய நேரத்துக்கு வைத்த கடிகாரம் அது என்று கேட்டால்தான் தெரியும்.

நாற்காலி கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பேசுகிறோம். தெரியாத இடங்கள் இதைவிட மோசம். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் எத்தனை நாளில் போதகர் போய்ப் பார்க்கிறார்? கல்யாணத் தேதி மோதினால் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்? சாவு வீட்டில் எவ்வளவு நேரம் ஜெபம்? பிரான்சில் ஒரு காலத்தில் அடக்கத்துக்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கட்டண வரிசை இருந்தது. ரயில் டிக்கெட் மாதிரி. பிற்பாடு 1983-இல் வந்த எங்கள் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், 1181-ஆம் எண்ணில், அடக்கச் சடங்கில் ஆள்பார்ப்பது கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று தனியாக எழுத வேண்டிவந்தது. நடக்காத விஷயத்துக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். சிறியவனுக்கும் முகதாட்சிணியம் கூடாது என்று வேதமே சொல்கிறதே, அப்படியானால் ஏழைக்கு மட்டும் தனிச் சலுகை எதற்கு? அந்த வசனம் நியாயசபை பற்றியது. வழக்கில் ஏழை என்பதற்காகப் பொய்யை மெய் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, சரிதான். விருந்து என்று வரும்போது இயேசுவின் கணக்கு வேறு. ஐசுவரியமுள்ள அயலகத்தாரைக் கூப்பிட வேண்டாம், ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு, அவர்களால் உனக்குத் திருப்பிச் செய்ய முடியாது என்கிறார் (லூக்கா 14). பணக்காரரை வெளியே நிறுத்து என்று இதற்கு அர்த்தம் எடுக்கத் தேவையில்லை. அந்த நகைக்கடைக்காரரை நான் விரட்டியிருந்தாலும் தப்புதான். அவருக்குச் சொன்ன “வாங்க, உட்காருங்க”வை அந்த அம்மாவுக்கும் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடுத்தவர்களின் பெயரை எழுதலாமா என்றும் கேட்பீர்கள். உபயம் என்று மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதும் வழக்கம் எனக்கு அவ்வளவாக உறுத்துவதில்லை. விசிறி சுற்றும்போது யார் பெயரும் தெரியாது. கரண்டு போனால்தான் தெரியும். ஆனாலும் இரண்டு காசு போட்ட விதவையைப் பார்த்து, காணிக்கைப் பெட்டியில் எல்லோரையும்விட அதிகமாய்ப் போட்டவள் இவளே என்று சொன்னவரின் ஆலயத்தில், அதிகம் கொடுத்தவர் யார் என்று முடிவுசெய்யும் தகுதி எந்தப் பொருளாளருக்கும் கிடையாது. பலகை சுவரில் இருக்கும், யாரையும் எழுப்பாது. நாற்காலி ஒவ்வொரு வாரமும் ஒருவரை எழுப்பும். அதனால் முதலில் நாற்காலியைப் பாருங்கள்.

அப்பாவிடம் வசனத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள். கமிட்டியில் இருப்பவர்களுக்கு வசனம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பெயர் ஒட்டிய குடும்பங்களில் நல்ல மனசுள்ள ஒருவரை முதலில் போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில் அவர்களில் பாதிப்பேர் அந்த நாற்காலியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். யாரோ என்னைப் போல ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். அவரே ஒரு ஞாயிறு பின்னால் போய் உட்கார்ந்தால், கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதற்குச் சமம். பாயில் உட்காருபவர்களையும் கேளுங்கள். சிலருக்குக் கால் நீட்டி உட்காரப் பாய்தான் வசதியாக இருக்கும். நாம் போய் அவர்கள் சார்பில் நாற்காலி கேட்டுவிட்டு வருவதும் ஒருவகை அதிகாரம்தான்.

அப்புறம், அப்பாவை வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பாயில் வந்து உட்காரக் கூப்பிடுங்கள். முட்டி வலிக்கும் என்பார். நியாயமான காரணம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் எத்தனை பேருக்கு முட்டிவலி இருக்கிறது என்று அவர் காது கேட்கவே விசாரியுங்கள். ‘ங்க’ போட்டு.